ஆண் பெல்லி டான்ஸ் ஆடினால் யார் கூப்பிடுவார்கள்?

செந்தூல்காரன் எழுதியது:

வணக்கம். இந்தக் களத்தில் ஆறு ஆண்டாகச் சத்தமில்லாமல் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் தொடங்கும் முதல் இழை இது. நான் ஆண், வயது 31, பகலில் கணக்கு வேலை, ராத்திரியில் பெல்லி டான்ஸ். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள், எனக்குக் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது.

போன மாதம் புக்கிட் பிந்தாங் பக்கம் ஓர் அரபு உணவகத்தில் ஆட ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டு ஒரு வீடியோ அனுப்பினேன். நெஞ்சுக்குக் கீழே மட்டும் தெரிகிற பயிற்சி வீடியோ. வேண்டுமென்று அப்படி எடுக்கவில்லை, என் அறையில் போனைச் சாய்த்து வைக்க அரிசி டின்னை விட்டால் வேறு இடம் கிடையாது. இருபது நிமிடத்தில் பதில் வந்தது: "ரொம்ப அழகு. வெள்ளிக்கிழமை வர முடியுமா மிஸ்?" நான் மிஸ் இல்லை, மிஸ்டர் என்று எழுதினேன். இரண்டு நீல டிக். அதற்கப்புறம் இன்றுவரை ஒரு வார்த்தை இல்லை.

ஆட்டம் அதே ஆட்டம்தான். இருபது நிமிடத்துக்கு முன்னால் அழகாக இருந்த இடுப்பு, ஆணுடையது என்று தெரிந்ததும் என்ன ஆயிற்று?

இன்னொன்றும் நடந்தது. நிறுவன டின்னர்களுக்கு ஆள் பிடித்துத் தரும் ஒருவர் என்னை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார். ஆனால் விக் வைத்து, சட்டைக்குள் பலூன் வைத்து ஆட வேண்டுமாம். ஜனங்கள் சிரிப்பார்களாம். 200 வெள்ளி (ரிங்கிட்). ஆறு வருடம் முட்டி தேயப் பழகியது பலூன் கட்டவா? வேண்டாம் என்றுவிட்டேன்.

மலேசியாவில் ஆணாக இருந்துகொண்டு இந்த ஆட்டத்தைக் காசு வாங்கி ஆட வழி இருக்கிறதா, இல்லையா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


ரவாங் ராஜா எழுதியது:

தம்பி, மனம் நோகக் கூடாது, உள்ளதைச் சொல்கிறேன். இது பெண்கள் ஆட்டம். உணவகத்துக்குப் போகிறவன் ஆட்டுக்கறி சாப்பிட்டுக்கொண்டே எதைப் பார்க்கக் காசு கொடுக்கிறான் என்று உங்களுக்கே தெரியும். நாளைக்கு நான் போய்க் கும்மி அடிக்கும் பெண்களுக்கு நடுவில் நின்றுகொண்டு "எனக்கு வாய்ப்புத் தரவில்லை" என்று அழுதால் நியாயமா? வியாபாரத்தில் பாகுபாடு என்று ஒன்று கிடையாது. விற்கிற சரக்கு, விற்காத சரக்கு, அவ்வளவுதான்.


பழைய வாத்தியார் எழுதியது:

ராஜா, கும்மியை எடுத்தீர்கள், ஒயிலாட்டத்தை ஏன் விட்டீர்கள்? அது ஆண்கள் ஆடிய ஆட்டம். இன்றைக்குப் பள்ளி விழாவில் பெண் பிள்ளைகள் கையில் துணியைப் பிடித்துக்கொண்டு ஆடுகிறார்கள், எல்லாரும் கைதட்டுகிறோம், நானும்தான். பெண் ஆணின் ஆட்டத்தை எடுத்தால் முன்னேற்றம், ஆண் பெண்ணின் ஆட்டத்தை எடுத்தால் இறக்கம். இந்தக் கணக்கு எப்படி வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா?

நான் பிறந்த ரப்பர் தோட்டத்தில் திருவிழா நாடகம் என்றால் தமயந்தியும் ஆண்தான், சந்திரமதியும் ஆண்தான். சந்திரமதி வேடம் கட்டியவர் பகலில் பால்மரம் வெட்டுகிறவர், மீசையை மட்டும் திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னால் எடுப்பார். யாரும் அவரைக் கேலி செய்து நான் பார்த்ததில்லை. செய்தால் அவருடைய மனைவி விட்டிருக்க மாட்டார், அது வேறு கதை.

அதற்கும் முன்னால் போனால், சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோரு ஆடல்களில் ஒன்று பேடு. காமன் ஆண்தன்மை திரிந்த கோலத்தில் ஆடியதாகச் சொல்லப்படும் ஆடல் அது. ஆண் தெய்வம் பெண் சாயலில் ஆடியதை ஒரு பெண் மேடையில் ஆடிக் காட்டுகிறாள். நம் ஆட்களுக்கு இது புதிது என்று யார் சொன்னது?


ரவாங் ராஜா எழுதியது:

வாத்தியாரையா, உங்களிடம் வாய் கொடுக்க முடியாது. ஆனால் சந்திரமதியைப் பார்க்க டிக்கெட் வாங்கியவன் அரிச்சந்திரன் கதையைப் பார்க்க வந்தவன். இங்கே கதை எங்கே இருக்கிறது?


செந்தூல்காரன் எழுதியது:

ராஜா அண்ணே, கோபமில்லை. "பெண்கள் ஆட்டம்" என்ற ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன்.

அரபு மொழியில் இதற்கு வயிறு என்ற பேச்சே கிடையாது. ரக்ஸ் ஷர்கி என்பார்கள், கிழக்கத்திய நடனம் என்று பொருள். வயிற்றைப் பெயரில் வைத்தவர்கள் மேற்கத்தியர். 1893 சிகாகோ உலகக் கண்காட்சிக்கு அப்புறம் அந்தப் பெயர் அமெரிக்கா முழுக்கப் பரவியது. வீட்டு விசேஷங்களில் ஆடும் வகைக்கு ரக்ஸ் பலதி என்று பெயர். அதைக் கல்யாணத்தில் தாத்தா ஆடுவார், பேரன் ஆடுவான், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

எகிப்தில் 1834இல் முகமது அலி பாஷா பெண் ஆட்டக்காரிகளைக் கெய்ரோவிலிருந்து தெற்கே துரத்தினார். அப்போது அந்த இடத்தில் பெண் சாயலில் உடுத்தி ஆடியவர்கள் ஆண்கள், கவல் என்று அழைக்கப்பட்டவர்கள். பெண் கூடாது என்றதும் ஆணைக் கூப்பிட்டார்கள். இன்றைக்கு எகிப்தில் அந்தச் சொல் ஆண்களைத் திட்டும் கெட்ட வார்த்தை. நம் ஊரில் "பொண்டான்" என்று எதற்கெடுத்தாலும் சொல்வார்களே, அப்படி. பள்ளியில் எனக்கு அதுதான் பட்டப்பெயர், அப்போது நான் ஆடத் தொடங்கவே இல்லை.

மினுமினுக்கும் மேலாடை, இடுப்புப் பட்டை, விளக்கு, மேடை என்று நாம் நினைக்கிற அந்தப் படம் பெரும்பாலும் 1926இல் பதியா மசப்னி கெய்ரோவில் திறந்த கேளிக்கை விடுதியிலிருந்து வந்தது. தஹியா கரியோக்கா, சாமியா கமால் எல்லாரும் அங்கே ஆடியவர்கள்தான். இந்தப் படத்துக்கு இன்னும் நூறு வயதுதான் ஆகிறது. ஆட்டம் அதைவிட மூத்தது.


பினாங்கு மேகலா எழுதியது:

நான் பத்தாண்டாக இந்த ஆட்டம் ஆடுகிறேன், பினாங்கின் பத்து ஃபெரிங்கி கடற்கரை ஓட்டல்கள், தீவில் டின்னர்கள். தம்பி எழுதியதில் பாதிக்குக் கைதட்டுவேன், பாதிக்கு மாட்டேன்.

அந்த "மிஸ்" கதை வயிற்றெரிச்சல். ஆனால் தம்பி, கிடைக்காமல் போன அந்த வெள்ளிக்கிழமை எப்படி இருந்திருக்கும் என்று சொல்லட்டுமா? ஒரு ராத்திரிக்கு மூன்று முறை, முறைக்குப் பதினைந்து நிமிடம். உடை மாற்ற அரிசி மூட்டை அடுக்கிய அறை. இடுப்புப் பட்டையில் பத்து வெள்ளி சொருகுகிறேன் என்று வரும் கை, அதை நாசூக்காக விலக்கிவிட்டுச் சிரிக்க வேண்டும். ஒரு முதலாளி என்னிடம் "அடுத்த சீசனுக்கு அஞ்சு கிலோ குறைச்சிட்டு வாங்க" என்றார். அவருடைய சொந்த இடுப்பைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. இதைத்தான் "பெண்களுக்கு வாய்ப்பு" என்கிறீர்கள். ஆட்டத்துக்காக நம்மைக் கூப்பிடுவதில்லை. அதனால்தான் ஆட்டம் நன்றாக இருந்தும் உங்களைக் கூப்பிடவில்லை. இரண்டுக்கும் வேர் ஒன்று.

இன்னொன்று. ஒர்க்‌ஷாப் பக்கம் போய்ப் பாருங்கள். வகுப்பில் முப்பது பெண்கள், ஓர் ஆண். வெளிநாட்டு ஆசிரியர் யாருடைய பெயரை முதலில் கற்றுக்கொள்வார்? அந்த ஆணுடையதை. யாரை முன்வரிசைக்கு இழுப்பார்? அவரையே. இரண்டு வருடம் கழித்து அவர் மாஸ்டர் ஆகிவிடுவார், நாங்கள் இன்னும் "கேர்ள்ஸ்". உணவகத்தில் கதவு உங்களுக்கு மூடியிருக்கிறது, சரி. ஆசிரியர் நாற்காலிக்குப் போகும் கதவு எங்களைவிட உங்களுக்கு அகலமாகத் திறந்திருக்கிறது. அதையும் இழையில் எழுதுங்கள்.


செந்தூல்காரன் எழுதியது:

அக்கா, அடி சரியான இடத்தில் விழுந்தது. நான் போன முதல் ஒர்க்‌ஷாப்பிலேயே இது நடந்தது. எனக்கு ஷிம்மி, அதாவது இடுப்பை வேகமாகக் குலுக்குவது, சரியாக வரவேயில்லை, இருந்தும் "எல்லாரும் இவரைப் பாருங்கள்" என்று நடுவில் நிறுத்தினார்கள். பெருமையாக இருந்தது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அந்த நாற்காலிக்குப் போகிற வழியில் வகுப்பு என்று ஒன்று இருக்கிறதே. கேஎல்லில் (கோலாலம்பூரில்) நான் விசாரித்த ஐந்து வகுப்புகளில் நான்கு பெண்களுக்கு மட்டும்.


பினாங்கு மேகலா எழுதியது:

அதற்கு நியாயமான காரணம் இருக்கிறது தம்பி. என் வகுப்பும் பெண்களுக்கு மட்டும்தான். என்னிடம் படிப்பவர்களில் பாதிப்பேர் மலாய்ப் பெண்கள். கதவைச் சாத்தி, திரையை இழுத்து, தலைமுக்காட்டைக் கழற்றிவிட்டு, வாரத்தில் ஒரு மணி நேரம் யாரும் பார்க்காமல் ஆட வருகிறார்கள். அங்கே ஓர் ஆணைச் சேர்த்தால் பன்னிரண்டு பேர் மறுநாள் வர மாட்டார்கள். உங்களை ஒதுக்குவது அதன் நோக்கமில்லை. ஆனாலும் நீங்கள் வெளியே நிற்கிறீர்கள் என்பது உண்மைதான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. தனி வகுப்புக்குத்தான் போக வேண்டியிருக்கும், காசு மூன்று மடங்கு.


செந்தூல்காரன் எழுதியது:

ஆமாம், மூன்று மடங்குதான் கொடுத்தேன். என் மோட்டார் சைக்கிள் ஏன் இன்னும் பழையதாகவே இருக்கிறது என்று அம்மாவுக்கு இப்போதுதான் புரியும். (அம்மா இந்தக் களத்தைப் படிப்பதில்லை. படித்தால், அம்மா, மன்னித்துவிடுங்கள்.)


கேள்விக்குறி எழுதியது:

ஒரு சந்தேகம். ரம்லி இப்ராஹிம் ஆண், முஸ்லிம், மலாய்க்காரர், ஒடிசி ஆடுகிறார். 1983இல் சூத்ரா குழுவைத் தொடங்கினார், 2018இல் இந்திய அரசு பத்மஸ்ரீ கொடுத்தது. இதே கேஎல்லில் அவருக்கு அரங்கு நிறைகிறது. பிரிக்ஃபீல்ட்ஸில் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸில் பையன்கள் சலங்கை கட்டுகிறார்கள். அப்படியானால் ஆண் ஆடுவது இங்கே பிரச்சினை இல்லை என்றுதானே ஆகிறது?


பழைய வாத்தியார் எழுதியது:

நல்ல கேள்வி. செவ்வியல் நடனத்துக்குப் பின்னால் சாமி நிற்கிறார், சபை நிற்கிறது, சாத்திரம் நிற்கிறது. ஆண் இடுப்பை வளைத்தால் திரிபங்கம் என்று ஒரு பெயர் இருக்கிறது, கௌரவமாகிவிடுகிறது. அந்தக் கௌரவமும் சும்மா வரவில்லை. 1930களை ஒட்டிச் சென்னையில் வழக்கறிஞர் ஈ. கிருஷ்ண ஐயர் தாமே பெண் வேடம் கட்டிச் சதிர் (பரதநாட்டியத்தின் பழைய பெயர்) ஆடிக் காட்டி, இது கலை என்று ஊரை நம்ப வைக்க வேண்டியிருந்தது.

நம் தம்பியின் ஆட்டத்துக்குக் கோயில் இல்லை, சபை இல்லை. சாப்பாட்டு மேசைதான் இருக்கிறது.


தாளக்கை பாய் எழுதியது:

மேசையைத் தட்டுகிறவன் நான். ஜார்ஜ்டவுனில் வீடு, தமிழ் முஸ்லிம், டர்புக்கா என்ற அரபு மேளம் வாசிக்கிறேன். ஆண் ஆட்டக்காரர்களுக்கும் பெண் ஆட்டக்காரர்களுக்கும் வாசித்தவன் என்ற முறையில் இரண்டு விஷயம்.

முதலாவது, பத்துமலைக்குப் போய் உறுமி மேளத்துக்கு முன்னால் இடுப்பு ஆடாத ஓர் ஆணைக் காட்டுங்கள், நான் வாசிப்பதை விட்டுவிடுகிறேன். பினாங்கு தண்ணீர்மலைக் கோயிலிலும் அப்படித்தான். மேளம் உக்கிரமாக விழும்போது ஆண், பெண் என்று இடுப்புக்குத் தெரியாது. காவடி தோளில் இருந்தால் யாரும் கேட்பதில்லை, அதே குலுக்கலை ஓட்டலில் செய்தால் "என்ன இவன் இப்படி" என்கிறார்கள்.

இரண்டாவது, தம்பி, தடியை எடுங்கள். எகிப்தில் தஹ்தீப் என்று தடி விளையாட்டு ஒன்று இருக்கிறது, 2016இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மேல் எகிப்து ஆண்களின் விளையாட்டு, நம் சிலம்பத்துக்குச் சித்தப்பா மகன் மாதிரி. அதிலிருந்துதான் கைத்தடியோடு ஆடும் அஸாயா வந்தது. தாளம் சயீதி: தும் தக், தும் தும், தக். நடுவில் இரண்டு தும் சேர்ந்து விழும்போது தரையே கொஞ்சம் இறங்கும். கலபியா என்ற நீள அங்கியைப் போட்டுக்கொண்டு ஒருவர் தடியோடு அதற்கு நடந்து வந்தால் மண்டபத்தில் யாருக்கும் சிரிப்பு வராது. எகிப்தின் டிட்டோ சைஃப் உலகம் முழுக்கப் போய் இப்படித்தானே ஆடுகிறார்?


செந்தூல்காரன் எழுதியது:

பாய், சின்ன வயதில் நான்கு வருடம் சிலம்பம் சுற்றியவன் நான். தடி எனக்குக் கை வந்த பொருள். ஆனால் ஒரு நெருடல் இருக்கிறது.

மஹ்மூத் ரெடா 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் எகிப்துக்காக ஜிம்னாஸ்டிக்ஸ் செய்தவர். 1959இல் ரெடா குழுவைத் தொடங்கினார். ஆண்கள் மேடையில் கௌரவமாக ஆடலாம் என்று எகிப்துக்குக் காட்டியவர், அவரை நான் கும்பிடுகிறேன். ஆனால் எப்படிக் காட்டினார்? ஆண்களுக்குத் தடி, தாவல், நெஞ்சை நிமிர்த்திய வரிசை நடை. நெளிவு பெரும்பாலும் பெண்களுக்கு. ஆணுக்கு இடம் கிடைத்தது, இடுப்பை வாசலில் விட்டுவிட்டு வர வேண்டியிருந்தது.

எனக்குப் பிடித்ததே அந்த நெளிவுதான். தக்ஸீம் என்ற மெதுவான தனி வாசிப்பில் வயிற்றின் மேல்பாதியிலிருந்து கீழ்ப்பாதிக்கு ஓர் அலை இறங்குமே, அது. தடியைப் பிடித்தால் கூப்பிடுவார்கள் என்றால், "ஆம்பிளைதான், பயப்படாதீர்கள்" என்று சான்றிதழைக் கையில் பிடித்துக்கொண்டு ஆடுகிற மாதிரி இருக்கிறது. பலூனுக்கும் தடிக்கும் நடுவில் வேறொன்றும் கிடையாதா?


தாளக்கை பாய் எழுதியது:

இருக்கிறது. தடியோடு உள்ளே வாருங்கள், மூன்றாவது நிமிடம் தடியைக் கீழே வையுங்கள். அதற்குள் மண்டபம் உங்களுடையது ஆகியிருக்கும். அப்புறம் நான் தக்ஸீமுக்கு வழி விடுகிறேன், நீங்கள் உங்கள் அலையை விடுங்கள். சான்றிதழ் வாசலில் காட்டத்தான், பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டு சுற்ற வேண்டியதில்லை.


பினாங்கு மேகலா எழுதியது:

பாய் சொல்வது சரி. உடையில் ஒன்று கவனியுங்கள் தம்பி. கலபியா நேராகத் தொங்கும், அதற்குள் நீங்கள் எவ்வளவு ஷிம்மி அடித்தாலும் நான்காவது மேசைக்குத் தெரியாது. ஆண் இடுப்பு குறுகல், அசைவு உடம்பில் தெரிவது குறைவு, துணிதான் அதைப் பெரிதாக்க வேண்டும். எலும்புக்குச் சற்றுக் கீழே கனமான குஞ்சம் வைத்த பட்டையை இறுக்கிக் கட்டுங்கள். காசு கோத்த பட்டை வேண்டாம், அதன் சத்தம் டர்புக்காவைத் தின்றுவிடும், சந்தையில் வாங்கியது என்றும் தெரிந்துவிடும்.

முட்டியை மறக்காதீர்கள். ஆண்கள் எல்லாரும் ஷிம்மியை இடுப்பால் தள்ளப் பார்க்கிறார்கள். முட்டி மாறி மாறி மடங்கட்டும், இடுப்பு தானாக வரும்.


மேடைக்காரன் எழுதியது:

நான்கு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். கேஎல்லில் கல்யாணம், பிறந்தநாள், நிறுவன டின்னர் எல்லாம் எடுத்து நடத்துகிறவன் நான். பலூன் கேட்ட ஆள் நான் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சட்டத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை. கேஎல் கூட்டரசுப் பிரதேசத்தில் 1992 கேளிக்கைச் சட்டத்தின்படி இடத்துக்கு உரிமம் வேண்டும், மாநகராட்சியான டிபிகேஎல் கொடுக்கிறது. வெளிநாட்டு ஆட்டக்காரர் என்றால், வெளிநாட்டுக் கலைஞர்களுக்கான அரசுக் குழுவான புஸ்பாலின் அனுமதி தனி. உள்ளூர்க்காரர் என்பதே தம்பிக்கு ஒரு வசதி. ஆண் ஒருவர் பெண்ணின் உடையைப் போடுவதைப் பற்றி 1997 ஷரியா குற்றச் சட்டத்தில் 28வது பிரிவு இருக்கிறது, ஆயிரம் வெள்ளி வரை அபராதமோ ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ. அது முஸ்லிம்களுக்கு மட்டும், அதுவும் பெண்ணைப் போல் நடித்து ஒழுக்கக்கேடான நோக்கத்தோடு இருந்தால். கலபியா போட்ட தமிழ்ப் பையனுக்கு அது பொருந்தவே பொருந்தாது. ஆனால் ஓட்டல் மேலாளர் பிரிவையெல்லாம் படிக்க மாட்டார். "ஆண், இடுப்பு" என்ற இரண்டு வார்த்தையைக் கேட்டதும் "பிரச்சினை வரும், வேண்டாம்" என்பார்.

இப்போது சொல்ல வந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் ஓர் ஆண் ஆட்டக்காரர் எனக்கு வீடியோ அனுப்பினார். நன்றாகவே ஆடினார். "வாடிக்கையாளர்கள் விரும்ப மாட்டார்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டேன். இந்த இழையைப் படித்த அப்புறம்தான் உறைத்தது, நான் ஒரு வாடிக்கையாளரைக்கூடக் கேட்கவில்லை. உணவகம் என்னைச் சொல்லும், நான் வாடிக்கையாளரைச் சொல்வேன், வாடிக்கையாளரிடம் யாரும் பேசவே இல்லை.

சரி, இந்த வாரம் கேட்டுப் பார்த்தேன். கையில் ஐந்து நிகழ்ச்சி இருக்கிறது. இரண்டு பேர் "வேண்டாம், பெண்தான் வேண்டும்" என்றார்கள். இரண்டு பேருக்கு எதுவும் ஒன்றுதான், "நேரத்துக்கு வருவாரா?" என்று மட்டும் கேட்டார்கள். ஐந்தாவது அம்மா, கணவருக்கு அறுபதாம் பிறந்தநாள், "தடியெல்லாம் சுற்றுவாரா? அப்படியென்றால் சரி" என்றார்.

தம்பி, தனியாகச் செய்தி அனுப்புங்கள். பாய், நீங்களும். ஆட்டம் பத்து நிமிடம், நேரடி டர்புக்கா. 400 வெள்ளி, பாதி முன்பணம்.


ரவாங் ராஜா எழுதியது:

ஐந்தில் இரண்டு பேர் வேண்டாம் என்றார்களே, நான் சொன்னது அதுதானே.


கேள்விக்குறி எழுதியது:

மூன்று பேர் வேண்டாம் என்று சொல்லவில்லையே அண்ணே, நீங்கள் ஐந்துமே கிடைக்காது என்றல்லவா சொன்னீர்கள்.


செந்தூல்காரன் எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். சனிக்கிழமை ஆடியாயிற்று. கேட்டவர்களுக்காக விவரமாக எழுதுகிறேன்.

கெப்போங்கில் சீன உணவக மண்டபம், இருபத்திரண்டு மேசை. பாய் ஐந்து மணி நேரம் பேருந்தில் வந்து, ஒரு தே தாரிக் குடித்துவிட்டு நேரே மேடைக்கு வந்தார். எம்சி என்னை எப்படி அறிமுகப்படுத்தினார் தெரியுமா? "அடுத்து அரேபியச் சிலம்பாட்டம்!" மேடைக்காரன் அண்ணன் சத்தியமாகத் தான் சொல்லிக்கொடுக்கவில்லை என்கிறார். நான் நம்பவில்லை.

முதல் அரை நிமிடம் சிரிப்பு இருந்தது. பின்மேசையிலிருந்து யாரோ அந்தப் பழைய பட்டப்பெயரையும் கத்தினார்கள், பதினெட்டு வருடம் கழித்துக் கேட்டாலும் உடம்பு அதே மாதிரிதான் சுருங்குகிறது. பாய் அதைக் கேட்டாரோ என்னவோ, சயீதியில் அந்த இரண்டு தும்மையும் மண்டபம் அதிர இறக்கினார். தடி ஒரு சுற்றுச் சுற்றியதும் முன்வரிசைப் பெரியவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் "கால் வீடு சரியில்லையே" என்று பக்கத்து ஆளிடம் சொன்னது எனக்கே கேட்டது. காலடி வைப்பதைச் சொல்கிறார், சிலம்பம் தெரிந்தவர் போல.

மூன்றாவது நிமிடம் தடியைக் கீழே வைத்தேன். பாய் தாளத்தைத் தேய்த்து மெல்ல இறக்கினார். அலையை விட்டேன். சத்தம் நின்றது. பிடித்து நின்றதா, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றதா என்று எனக்குத் தெரியாது. சிலர் போனை எடுத்தார்கள், ஓர் அம்மா மகளின் கையைத் தட்டிப் போனை இறக்கச் சொன்னார். கடைசியில் டர்புக்காவும் நானும் போட்டி போட்ட இடத்தில் கைதட்டல் வந்துவிட்டது. கச்சேரித் தனி ஆவர்த்தனம் கேட்டுப் பழகிய ஜனங்கள், யார் எங்கே சமத்தில் வந்து சேர்கிறார்கள் என்று பார்க்கத் தொடங்கிவிட்டால் இடுப்பை மறந்துவிடுகிறார்கள்.

இனி எழுத வந்த விஷயம். ஆடி முடித்துக் கழிப்பறையில் முகம் கழுவும்போது ஐம்பது வயதிருக்கும் ஒருவர் பக்கத்துக் குழாயில் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். ரொம்ப நேரம் கழுவினார். அப்புறம் கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டார்: "தோள் ஆடாமல் இடுப்பு மட்டும் எப்படித் தம்பி ஆடுது?" முட்டியைக் காட்டினேன். கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இரண்டு மூன்று தடவை செய்து பார்த்தார். நன்றாகவே வந்தது. "வகுப்பு எடுக்கறீங்களா? பேர் கொடுக்காம வரலாமா?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. மேகலா அக்காவின் வகுப்பைப் போலக் கதவைச் சாத்தி, திரையை இழுத்து, ஆண்களுக்கு மட்டும் ஒரு மணி நேரம் என்று ஒன்றை நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. நம்பரைக் கொடுத்தேன். இன்று காலை செய்தி வந்திருக்கிறது, பெயரே இல்லாமல், வெறும் "வியாழன் முடியுமா?" என்று.


பழைய வாத்தியார் எழுதியது:

வியாழன் எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள் தம்பி. எனக்கு முட்டி வலி, ஆட மாட்டேன், சும்மா பார்க்கத்தான்.


ரவாங் ராஜா எழுதியது:

பார்க்கத்தானா ஐயா? சரி, சரி.

தம்பி, கால் வீடு சரியில்லை என்று சொன்ன ஆள் எப்படி இருந்தார்? வெள்ளைச் சட்டையா? என் மச்சான் அந்த விருந்துக்குப் போயிருந்தான். அவன் ஒரு ஆட்டத்தைப் பற்றி இவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்லை.


மேடைக்காரன் எழுதியது:

அந்த அம்மா கூப்பிட்டுப் பேசினார், சந்தோஷம். அடுத்த மாதம் ஷா ஆலாமில் ஒரு நிறுவன டின்னர் இருக்கிறது. தம்பி, இந்த முறை 500 தருகிறேன்.


செந்தூல்காரன் எழுதியது:

அண்ணே, அதே பத்து நிமிடத்துக்குப் பெண் ஆட்டக்காரருக்கு 600 கொடுக்கிறீர்கள் என்று கேள்வி. எனக்கும் அதே.


பினாங்கு மேகலா எழுதியது:

600 போன வருடம். இப்போது நான் 700. அவர் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்.